கிரனடாவில் ஓர் ஆடி அமாவாசை

1

கப்பலில் உல்லாசப் பயணம் போய் வந்த கதையை லண்டனில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறேன். மனோர் பார்க் கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் சொல்லியிருக்கிறேன். விம்பிள்டனில் ஒரு சாமத்திய வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் நின்றவர்களுக்குச் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். எங்கள் ஆட்களுக்குக் கப்பல் என்றால், எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் இருந்து சனத்தை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போன கப்பல்தான் ஞாபகம். ஒருவன் காசு கொடுத்துக் கப்பலில் ஏறி, ஏறின துறைமுகத்திலேயே திரும்பி வந்து இறங்குகிறான் என்பதை நம்பவைக்கவே எனக்கு நிறைய நேரம் பிடிக்கும்.

"அப்ப எங்கயும் போகேல்லையோ?" என்று கேட்டார் ரெய்னர்ஸ் லேனில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை.

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தீவு அண்ணை. காலமை இறங்கலாம், பின்னேரம் ஏற வேணும்."

"இறங்கி?"

"சுத்திப் பாக்கிறதுதான்."

"இஞ்ச சுத்துறது காணாதோ உமக்கு?" என்றார் அவர்.

நீச்சல் குளத்தைப் பற்றிச் சொல்வேன். விடியத் தொடங்கினால் சாமம் மட்டும் மூடாத சாப்பாட்டு மண்டபத்தைப் பற்றிச் சொல்வேன். பனிக்கட்டியில் செதுக்கிய அன்னப் பறவையைப் பற்றி, அது உருகி வாத்தாகிப் போனதைப் பற்றி எல்லாம் சொல்வேன். ஒரே ஒரு நாளை மட்டும் விட்டுவிடுவேன். கிரனடா என்ற தீவில் நாங்கள் இறங்கிய நாள் அது. "கிரனடா எப்பிடி?" என்று யாராவது கேட்டால், "நல்ல இடம், சரியான வெக்கை" என்று சொல்லி அடுத்த தீவுக்குத் தாவிவிடுவேன். சொல்லக் கூடாது என்று மனைவியோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது.

போன மாதம் மாமியாருக்கு முதல் வருடத்து ஆட்டைத்திவசம் செய்து முடித்தோம். வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற மனைவி, "இனி நீங்கள் சொல்லலாம்" என்றாள். எழுதலாமோ என்று கேட்டேன். "எழுதுங்கோ. ஆனா எனக்கு வாசிச்சுக் காட்ட வேண்டாம்" என்றாள். ஆகவே இதை எழுதுகிறேன்.

2

நான் எழுபத்தொன்பதில் கணக்கியல் படிக்க என்று லண்டனுக்கு வந்தவன். படிப்பு பாதியில் நின்றது. நாலு வருடத்துக்குப் பிறகு, ஊருக்குத் திரும்பிப் போகும் யோசனையும் அதே மாதிரிப் பாதியில் நின்றது. இப்போது கவுன்சிலில் வீட்டுப் பிரிவில் வேலை. மனைவியின் பெயர் சறோஜினி, எனக்கு சறோ. மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். மகள் தர்சினிக்குக் கப்பல் பயணத்தின்போது பதினைந்து வயது. தமிழ் விளங்கும், பேசுவாள். ஆனால் கோபம் வந்தாலும் சந்தோசம் வந்தாலும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். தமிழில் பேசுகிறாள் என்றால் ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம்.

சறோ வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவளின் தகப்பன் ஓய்வுபெற்ற தபாலதிபர். கப்பல் பயணத்துக்கு ஆறு வருடம் முதல், கண்ணில் படலம் வெட்டுவதற்காக யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு பஸ்ஸில் வெளிக்கிட்டார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். மற்றவர்கள் திரும்பி ஏறினார்கள். பஸ் கொஞ்ச நேரம் காத்து நின்றுவிட்டுப் புறப்பட்டது. அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவரைத் தேடிக்கொண்டு கொழும்புக்கு வந்த மாமி, வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு அறையிலேயே தங்கிவிட்டார். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. போன வருடம் நெஞ்சு வலியில் போகும்போதும் அந்தப் பொட்டோடுதான் போனார்.

நான் கவுன்சில் ஆள், எழுதத் தெரியும். எழுதாத இடம் இல்லை. எல்லா இடத்தில் இருந்தும் ஒரே பதில்தான் வந்தது: விசாரணை நடைபெற்று வருகிறது. எங்கள் அலுவலகத்திலும், சுவரில் ஈரம் ஊறுகிறது என்று முறைப்பாடு செய்கிறவர்களுக்கு நாங்கள் அதே வசனத்தைத்தான் அனுப்புகிறோம். அதனால் அந்த வசனத்தின் பொருள் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இனி ஆடி அமாவாசைக்கு வருகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, இளசுகளுக்காகச் சொல்கிறேன். தகப்பனை இழந்தவர்கள் பிடிக்கும் விரதம் அது. காலையில் பச்சைத் தண்ணீரோடோ வெறுந்தேத்தண்ணியோடோ இருந்து, கடலிலோ கேணியிலோ முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, மத்தியானம் மரக்கறி சமைத்து இலையில் படைத்து, காகத்துக்கு வைத்து, அது கொத்தின பிறகுதான் சாப்பாடு. தகப்பன் இருக்கிறவர்கள் பிடிக்க மாட்டார்கள். தகப்பன் இருக்கும்போது ஒருவர் அந்த விரதத்தைப் பிடித்தால், அவரைச் செத்தவராக எண்ணிவிட்டதாகத்தான் ஊர் எடுக்கும்.

என் அப்பா நான் லண்டனுக்கு வந்த அடுத்த வருடமே போய்விட்டார். அதனால் நான் ஒவ்வொரு வருடமும் பிடிக்கிறேன். அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்து, பின் வளவில் இருக்கும் கொட்டில் கூரையில் சோறு வைப்பேன். மனோர் பார்க் மயானப் பக்கத்துக் காகங்கள் ஒவ்வொன்றும் கோழி அளவு. பறவைகளுக்குச் சாப்பாடு போட்டு எலியைக் கூப்பிடாதீர்கள் என்று ஒரு துண்டுப் பிரசுரம் எங்கள் தெரு முழுக்கப் போட்டிருந்தார்கள். அதை அச்சுக்கு அனுப்பியது நான்தான்.

சமையல் சறோவுடையது. எனக்காக விடிய எழும்பி முழுகிச் சமைப்பாள். ஆனால் அதற்கு முதல், நான் பார்க்கும்படி மேசையில் இருந்து காலைச் சாப்பாடு சாப்பிடுவாள். மற்ற நாளில் ஒரு துண்டுப் பாணைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவள், அன்றைக்கு மட்டும் புட்டு அவித்து, வாழைப்பழம் பிசைந்து, ஆறுதலாக இருந்து சாப்பிடுவாள். தன் அப்பா இருக்கிறார் என்று அவள் ஊருக்குச் சொல்லும் முறை அது.

நான் சும்மா இருந்தவன் இல்லை. ஒவ்வொரு வருடமும் வாயைக் கொடுப்பேன். "சறோ, மனதைத் தேற்ற வேணும். ஒரு உயிரை இப்பிடி அந்தரிக்க விடக் கூடாது. கடமையைச் செய்ய வேணும்" என்பேன்.

"ஆர் கண்டது?" என்பாள் அவள். அவ்வளவுதான். பிறகு இரண்டு நாளைக்கு வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

3

கப்பல் யோசனை தர்சியுடையது. "எல்லாரும் புளோரிடா போறாங்கள். நாங்கள் மட்டும் எவ்ரி சம்மர் கனடாவில கலியாண வீடு" என்றாள். அது நியாயமான முறைப்பாடு. கிரனடாவைத் தேர்ந்தெடுத்தது அலுவலகத்தில் என் பக்கத்து மேசை லெஸ்லியால். அறுபதுகளில் அங்கிருந்து வந்தவர். மழை பெய்யும் நாளெல்லாம் தன் ஊரைப் பற்றிச் சொல்வார், லண்டனில் மழை பெய்யாத நாள் எத்தனை? அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, அந்தத் தீவில் நிற்கும் கப்பலாகப் பார்த்து எடுத்தேன். பார்படோஸ் வரை விமானம், அங்கிருந்து கப்பல். புயல் மாதம் என்பதால் விலை குறைவு. மலிவு என்றால் புயலுக்குள்ளும் போகிற சாதி நாங்கள்.

காசைக் கட்டிவிட்டு வந்துதான் சமையலறையில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். கப்பல் கிரனடாவில் நிற்கும் நாள் ஆடி அமாவாசை. நாள் பார்க்காமல் ரிக்கற் எடுத்த யாழ்ப்பாணத்தான் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சறோ பேசப் போகிறாள் என்று பயந்துகொண்டு சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல், "கப்பல் கடலிலதானே போகுது" என்றாள். "கீரிமலைக்குத்தான் இப்ப ஒருத்தரும் போகேலாது. உங்களுக்கெண்டாலும் கடல் கிடைக்கட்டும்." ஊரில் அன்றைக்கு எல்லோரும் முழுகப் போகும் கடற்கரை கீரிமலை, அப்போது அது இராணுவத்தின் கையில் இருந்தது.

கப்பலில் பெட்டியைத் திறந்தபோது, ஒரு சின்னப் பையில் எள்ளும், இன்னொரு பையில் காத்தோட்டிக்காய் வற்றலும் இருந்தன. அந்த ஒரு நாளுக்கு மட்டும் நாங்கள் சாப்பிடும் கசப்புக் காய் அது. கொழும்பில் இருந்து வந்த யாரிடமோ சொல்லி எடுப்பித்திருக்கிறாள். எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

4

அன்று காலை கப்பல் கிரனடாவின் சென் ஜோர்ஜஸ் துறைக்குள் நுழையும்போது நாங்கள் சாப்பாட்டு மண்டபத்தில் இருந்தோம். எங்கள் மேசைக்குப் பரிமாறும் கோவாக்காரரிடம் முதல் நாளே விசயத்தைச் சொல்லியிருந்தேன். தன் வீட்டிலும் நவம்பரில் செத்தவர்களுக்கு ஒரு நாள் உண்டு என்றார். இறைச்சி மீன் படாத புதுச் சட்டியில் சோறும் பருப்பும் மரக்கறியும் செய்து பெட்டியில் தருவதாக வாக்குக் கொடுத்தார், சொன்னபடி தந்தார்.

தர்சியின் தட்டில் மாப்பிள்ளை வீட்டுப் பலகாரம் மாதிரி எல்லாம் குவிந்திருந்தது. என் முன்னால் வெறும் தேத்தண்ணி. சறோவின் முன்னாலும் வெறும் தேத்தண்ணி.

முதலில் நான் கவனிக்கவில்லை. இனித்தான் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எங்களுக்குப் பக்கத்தில் பழங்கள், பாண் வகைகள், முட்டை வகைகள் ஒரு தெரு நீளத்துக்கு அடுக்கியிருந்தன. அவள் எழும்பவில்லை. தர்சி சாப்பிட்டு முடித்தாள். கோவாக்காரர் வந்து, "மேடத்துக்கு ஒன்றும் வேண்டாமா?" என்று கேட்டார். "வேண்டாம், நன்றி" என்றாள் சறோ. கடல் அசைவு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பார்த்தேன். முதல் இரண்டு நாளும் நன்றாகச் சாப்பிட்டவள். துறைமுகத்துக்குள் கப்பல் கேணித் தண்ணீர் போல அசையாமல் நின்றது.

கேட்டிருக்கலாம். ஒரு வசனம்தானே. ஆறு வருடமாக நான் இந்த நாளுக்குத்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். கேட்க வாய் வரவில்லை. பயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

5

சென் ஜோர்ஜஸ் மலைச்சரிவில் கட்டின சின்ன நகரம். வளைந்த துறைமுகத்தைச் சுற்றிப் பழைய கற்கட்டடங்கள், சிவப்பு ஓடு, அதற்கு மேல் செங்குத்தான தெருக்கள். கரையில் இறங்கியவுடன் பெண்கள் சாதிக்காயும் கறுவாப்பட்டையும் கோத்த மாலைகளைக் கழுத்தில் போட வந்தார்கள். தர்சி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டாள். நாள் முழுக்க எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் போத்தல் மாதிரி மணந்துகொண்டு திரிந்தாள்.

இலை தேடிச் சந்தைக்குப் போனோம். ஈரப்பலாக்காய், வாழைக்காய், பூசணி, சேம்பிலை என்று நான் பெயர் சொல்லிக்கொண்டு போக, தர்சி ஒவ்வொன்றுக்கும், "ஓகே அப்பா, இட்ஸ் எ வெஜிடபிள்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். வாழையிலை என்று கேட்டபோது சந்தைப் பெண் ஒருத்தி சிரித்தாள். அதை யார் விற்பார்கள் என்று கேட்டு, தன் கூடைக்கு அடியில் விரித்திருந்ததற்கு மாற்றாக வைத்திருந்த புது இலை ஒன்றைச் சும்மா தந்தாள். அவளிடம் எதையாவது வாங்க வேண்டுமே என்று, தேங்காய்ப்பூவைச் சீனிப்பாகில் போட்டு இறுக்கின பலகாரத்தில் மூன்று துண்டு வாங்கினேன்.

நான் வாயில் வைக்க முடியாது. ஒன்றைத் தர்சியிடம் கொடுத்தேன். இன்னொன்றைச் சறோவிடம் நீட்டினேன். "ருசி பாரும். எங்கட தேங்காய்ப்பூதான்."

"பிறகு" என்று வாங்கித் தர்சியிடம் கொடுத்தாள்.

கொஞ்சத் தூரம் போய் மாம்பழம் வாங்கினேன். கறுத்தக்கொழும்பான் அளவுக்கு இல்லையென்றாலும் மணம் இருந்தது. கடைக்காரரிடம் சொல்லி வெட்டுவித்தேன். "வெயிலுக்கு நல்லது, ஒரு துண்டு எடும்." அதுவும் தர்சிக்குப் போனது. பிறகு வறுத்த கச்சான் கடலை. அதற்குப் பிறகு சாதிக்காய் போட்ட ஐஸ்கிரீம். தர்சி, "அப்பா, ஆர் யூ ஓகே? எனக்கு வயிறு வெடிக்கப் போகுது" என்றாள்.

அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது. விரதகாரன் ஒருவன் வெயிலுக்குள் கடை கடையாக ஏறி இறங்கி, மனைவியின் வாயில் எதையாவது வைத்துவிட வேண்டும் என்று அலைகிறான். அவள் ஒரு கடி கடித்தால் போதும், எல்லாம் பழையபடி இருக்கும், மாமா பழையபடி எங்கேயோ இருப்பார். ஆறு வருடமாக நான் சொல்லிவந்த நியாயங்களில் ஒன்றைக்கூட நானே நம்பவில்லை என்பது அந்தச் சந்தையில் ஐஸ்கிரீம் உருகிக் கையில் வழியும்போது தெரிந்தது.

கடற்கரைக்குப் போக ரக்சி பிடித்தோம். ஓட்டுநர் நெல்சன் என்று தன்னை அறிமுகப்படுத்தினார், என் வயதுதான் இருக்கும். நாங்கள் கேட்காமலே ஊரைக் காட்டிக்கொண்டு வந்தார். துறைக்கு மேலே இருக்கும் கோட்டையைக் காட்டி, எண்பத்து மூன்றில் ஆட்சியில் இருந்தவர்களையே மதிலில் சாத்தி வைத்துச் சுட்ட இடம் அது என்றார். எங்களுக்கும் எண்பத்து மூன்றுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

"அவர்களை எங்கே அடக்கம் செய்தீர்கள்?" என்று பின் சீட்டில் இருந்து சறோ கேட்டாள். கப்பலை விட்டு இறங்கின பிறகு அவள் ஒரு அந்நியரிடம் பேசின முதல் வார்த்தை.

"உடல்கள் கிடைக்கவில்லை, மேடம். இன்று வரைக்கும் இல்லை."

"வீட்டுக்காரர்கள்?"

"கோயிலில் பூசை வைக்கிறார்கள். சிலர் வைப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு அம்மா அந்த நாளில் கதவையே திறக்க மாட்டார்." சொல்லிவிட்டு, இடது பக்கம் பார்க்கச் சொன்னார். அங்கே கிரிக்கெட் மைதானம். அவருக்கு அதைப் பற்றித்தான் கூடச் சொல்ல இருந்தது. எனக்கும் ஆறுதலாக இருந்தது, ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் பற்றிக் கதைத்துக்கொண்டு போனோம். சறோ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

6

கடற்கரை நீளமானது, வெள்ளை மணல். எங்கள் கப்பல் சனம் ஒரு அந்தத்தில் கூடியிருந்தது. நாங்கள் மற்ற அந்தத்துக்கு நடந்து, அகன்ற இலை மரம் ஒன்றின் நிழலில் பொருட்களை வைத்தோம். தர்சி ரொட்டி விற்கும் தட்டிக் கடை ஒன்றைக் கண்டுவிட்டாள். இங்கேயும் ரொட்டி என்றால் ரொட்டிதான், உள்ளே கடலையும் உருளைக்கிழங்கும். வயிறு வெடிக்கப் போகிறது என்றவள் காசு வாங்கிக்கொண்டு போனாள்.

நான் வேட்டியோடு இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, எள்ளை உள்ளங்கையில் வைத்து, அப்பாவை நினைத்துத் தண்ணீர் இறைத்தேன். லண்டனில் சமையலறைத் தொட்டியில் இறைக்கிறவனுக்கு இது பெரிய வசதி. மூன்று முறை முழுகி எழும்பிக் கண்ணைத் துடைத்தால், பக்கத்தில் சறோ நிற்கிறாள். நூல் சேலையோடு, நெஞ்சளவு தண்ணீரில். கடலில் கால் நனைக்கவும் பயப்படுகிறவள். நான் பார்க்கும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டு தலை முழுகினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

கரைக்கு வந்து, கொண்டுவந்திருந்த மாற்றுச் சேலையைச் சுற்றிக்கொண்டாள். சந்தைப் பெண் தந்த இலையை நடுவால் கிழித்து இரண்டாக்கினாள். இரண்டையும் விரித்து, கோவாக்காரரின் பெட்டியைத் திறந்து, இரண்டிலும் சோறு வைத்தாள், பருப்பு வைத்தாள், கப்பலிலேயே பொரிப்பித்த காத்தோட்டிக்காய் வற்றலை வைத்தாள்.

"சறோ, வேண்டாம்" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"இண்டைக்கு வேண்டாம். வீட்ட போய் யோசிப்பம். வாற வருசம் பாப்பம்."

"ஆறு வருசமாப் பிடி பிடி எண்டு நிண்டது நீங்கள்தானே?"

"ஓம். நான்தான்."

"பிறகென்ன?"

"நீர் சாப்பிட்டா அவர் இருக்கிற மாதிரி இருந்தது" என்றேன். அது மட்டும்தான் உண்மையாகச் சொல்ல இருந்தது.

அவள் ஈரத் தலைமயிரை முடிந்துகொண்டு இருந்தாள். முடிச்சை இறுக்கிவிட்டுச் சொன்னாள்: "எனக்கு எப்பவோ தெரியும். ரெண்டாம் வருசமே தெரியும். நான் சாப்பிட்டது அம்மாவுக்காக."

"மாமிக்கு நீர் சாப்பிட்டது எப்பிடித் தெரியும்?"

"சாப்பிடாட்டித் தெரியும். நான் இண்டைக்கு வெறுவயித்தோட மனோர் பார்க் கோயிலில நிண்டனெண்டு வையுங்கோ. பின்னேரத்துக்குள்ள ஆரும் ஒருத்தி வெள்ளவத்தைக்கு ரெலிபோன் எடுத்திடுவா. 'உங்கட மகளும் விரதம் தொடங்கிட்டா' எண்டு. அந்த நிமிசமே அம்மா பொட்டை அழிச்சுப்போடுவா. நான் அவவுக்கு அதைச் செய்ய மாட்டன்." கடற்கரையை ஒரு முறை பார்த்தாள். "இஞ்ச எங்களை ஒருத்தருக்கும் தெரியாது. கலண்டரைப் பாத்திட்டு நீங்கள் வந்து சொன்ன அண்டைக்கே நினைச்சனான்."

நான் எங்கள் சனத்தைப் பற்றி எத்தனையோ குறை சொல்கிறவன். ஆனால் தகப்பனுக்காக ஒரு நேரம் பட்டினி இருக்க ஒருத்தி அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவள் மேல் எனக்கு வந்த இரக்கத்தைவிட, பக்கத்தில் இருந்தும் ஒன்றும் தெரியாமல் நியாயம் பேசினேனே என்ற வெட்கம் கூடவாக இருந்தது.

காகம் கூப்பிட வேண்டும். கா கா என்று கூப்பிட்டேன். தூரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அந்தத் தீவில் காகம் இல்லை என்று பிறகு லெஸ்லி சொன்னார். வந்தது மைனாவைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புக் குருவி, கண் மட்டும் மஞ்சள். கிளையில் இருந்து எங்களைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தது. இறங்கவில்லை.

"அது காகமில்லை" என்றேன்.

"கறுப்பாத்தானே இருக்கு" என்றாள் சறோ. பிறகு இரண்டாவது இலைக்கு முன்னால் குனிந்து, "அப்பா, சாப்பிடுங்கோ" என்றாள். சத்தம் வெளியே கேட்கும்படி, வீட்டில் மேசைக்குக் கூப்பிடும் அதே மாதிரி. அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

தர்சி ரொட்டியைக் கடதாசித் தட்டில் ஏந்திக்கொண்டு மணலில் வந்தாள். இன்னும் வாயில் வைக்கவில்லை, சரியான சூடு. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், இலைகளைப் பார்த்தாள்.

"ஏன் ரெண்டு?" என்று கேட்டாள்.

"ஒண்டு என்ர அப்பாவுக்கு" என்றேன்.

"மற்றது?"

நான் சறோவைப் பார்த்தேன். அவள் இரண்டாவது இலையின் ஓரத்தை நேராக்கினாள். தர்சிக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"வெயிட். அம்மப்பாவுக்கா? எப்ப நியூஸ் வந்தது? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நியூஸ் வரேல்லைப் பிள்ளை" என்றாள் சறோ. "இனி வராது."

தர்சி அப்படியே மணலில் இருந்தாள். நான் ஆங்கிலத்தில் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். கோபம் வரும், கேள்வி வரும், எப்படித் தெரியும் என்று சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான், அதுவும் தமிழில்.

"அம்மம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டன்" என்றாள். தட்டை மணலில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு சறோவின் பக்கத்தில் நெருங்கி இருந்தாள். "நானும் இனிச் சாப்பிட மாட்டன். அந்தக் குருவி வரும் மட்டும் உங்களோட வெயிட் பண்றன்."

சறோ குனிந்து அந்தத் தட்டை எடுத்தாள். ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு மகளின் மடியில் வைத்தாள்.

"நீ காத்திருக்கக் கூடாது. நீ சாப்பிடு பிள்ளை" என்றாள். "உனக்கு அப்பா இருக்கிறார்."

தர்சி என்னைப் பார்த்தாள். பிறகு ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தாள். கண்ணீர் வடிய வடிய மென்றாள். அவள் முழுவதையும் சாப்பிட்டு முடிக்கும் மட்டும் சறோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.